கம்பம் வழி வேண்டாம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றும் என் குரல் கொஞ்சம் உயரும், உயரட்டும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது, பெருவிரலைத்தான் நீட்டுவார். அம்மாவுக்குப் பஸ் நம்பர் படிக்க வராது. கண்டக்டரின் முகத்தைப் பார்த்து ஏறுவாள். புனேக்குப் பக்கத்தில் காசார்வாடியில், பழைய மும்பை ரோட்டுக்குப் பின்னால், பட்டறைகளுக்கு நடுவே எங்கள் ஒற்றை அறை வீடு இருந்தது. அந்த வீட்டுக்கு வரும் எந்தக் காகிதமும், மின்சார பில்லோ ஆஸ்பத்திரிச் சீட்டோ, முதலில் என் கைக்குத்தான் வரும். நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். நான் இல்லாவிட்டால் இந்த வீடு ஒரு நாள்கூட ஓடாது என்று உறுதியாக நம்பினேன்.

ஆகவே சபரிமலைக் காட்டுப் பயணத்துக்குத் திட்டம் போட என்னையும் பெரியவர்களோடு உட்காரவைத்தபோது எனக்கு அதில் வியப்பு எதுவும் இல்லை. கொஞ்சம் தாமதமாகக் கூப்பிட்டார்கள் என்றுகூடத் தோன்றியது.

பயணத்துக்குக் காரணம் என் தம்பி. இரண்டு வயது முடிந்தும் அவன் நடக்கவில்லை. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. அழுதால் உதடு நாவற்பழம் தின்றவனைப்போல நீலமாகிவிடும், அதனால் அவனை அழவிடாமல் வைத்திருப்பதே அம்மாவின் முழுநேர வேலையாக இருந்தது. ஆபரேஷன் செய்யலாம், முதலில் எடை ஏறட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு எடை ஏறவில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை மூக்கில் குழாய் வைத்து அவனைப் படுக்கவைத்திருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அப்பா வேண்டிக்கொண்டார்: என் இரண்டு பிள்ளைகளையும் பெருவழியில் நடத்திக் கூட்டிக்கொண்டு வருகிறேன், இவனைக் கொடுத்துவிடு.

பெருவழி என்பது எருமேலியிலிருந்து காட்டுக்குள்ளேயே நாள்கணக்கில் நடந்து, மலைகள் ஏறி இறங்கி, பம்பைக்குப் போய்ச் சேரும் பாதை. பஸ்ஸில் பம்பைவரை போய் அங்கிருந்து ஏறுகிறவர்களை அந்தப் பாதையில் போகிறவர்கள் ஆளாகவே மதிக்கமாட்டார்கள். தம்பியைக் காட்டுக்குள் தூக்கிப்போவது ஆகாது என்றும், அவனுக்கும் சேர்த்து அக்காளே நடக்கட்டும் என்றும் எங்கள் குழுவை மலைக்கு நடத்திப்போகும் குருசாமி தீர்ப்புச் சொன்னார். ஆனால் பெண் பிள்ளை பத்து வயதுக்குள் போய்வந்துவிட வேண்டும். வரும் கோடையில் எனக்குப் பத்து முடிகிறது. இந்த வருஷம் தவறினால் அப்புறம் ஐம்பது வயதுக்கு மேல்தான்.

“அதுவரைக்கும் தம்பி காத்திருப்பானா சாமி?” என்று குருசாமி அப்பாவிடம் கேட்டார். அவர் அதை வேடிக்கையாகத்தான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

குருசாமி அப்பாவின் பட்டறையில் ஃபோர்மேன். மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றுதான் அழைக்கவேண்டும் என்பதால், கார்த்திகை பிறந்துவிட்டால் அவருடைய வசவுகள் எல்லாம் சாமியோடு முடியும். ‘உனக்குக் கண்ணு எங்க சாமி இருக்கு’, ‘அந்த ஜாபைக் கெடுத்துட்டியே, நீயெல்லாம் உருப்படுவியா சாமி’ என்று இரும்பு கடையும் லேத்துகளின் இரைச்சலுக்கு மேல் அவர் குரல் கேட்கும். எனக்கும் அந்த மரியாதை கிடைத்தது. கறுப்புப் பாவாடையும் கழுத்தில் துளசி மாலையுமாக நின்ற என்னை அப்பா சாமி என்றார். அம்மாவும் சாமி என்றாள். ‘சாமி, எந்திரிங்க, தண்ணி காஞ்சிருச்சு’, ‘சாமி, இன்னும் ஒரு தோசை வச்சுக்கிறீங்களா’. நேற்றுவரை என் தலையில் குட்டிய கை இப்போது குவிந்தது. இது எனக்கு உரியதுதான் என்று உடனே பழகிக்கொண்டேன்.

வியாழக்கிழமைகளில் எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்குக் கரண்ட் கிடையாது. அன்றுதான் வார விடுமுறை. அன்று சாயங்காலம் பட்டறைக் கொட்டகையில், அணைத்துவைத்த லேத்துகளுக்கு நடுவே கோணியை விரித்து சாமிகள் உட்காருவார்கள். நான் சார்ட் பேப்பரை விரித்து ஸ்கெட்ச் பேனாவோடு குப்புறப் படுத்துக்கொள்வேன். குருசாமி கண்ணை மூடிக்கொண்டு பாதையைச் சொல்லுவார், நான் வரைவேன். எருமேலி, காளைகட்டி, அழுதை ஆறு. ஆற்றில் முங்கி ஒரு கல் எடுக்கவேண்டும், அதைக் கல்லிடும் குன்றில் போடவேண்டும். பிறகு இஞ்சிப்பாறை. பிறகு கரிமலை.

“கரிமலையை இன்னும் பெருசாப் போடு சாமி. இது இட்லி மாதிரி இருக்கு.”

பெரிதாகப் போட்டேன். புனேயில் பிறந்த எனக்கு மலை என்றால் மொட்டையாக, காய்ந்த புல்லோடு, உச்சியில் ஒரு கோயிலும் அடிவாரத்தில் வேர்க்கடலை விற்கிறவனுமாகத்தான் இருக்கும். காட்டைப் புவியியல் புத்தகத்தில் பச்சைக் கலரில் பார்த்திருந்தேன். ஆனால் அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதியது நான்தான். என் பள்ளியில் மராத்தி. தமிழ் எழுத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அட்டை கிழிந்த சரணப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாய் மனப்பாடமாகச் சொல்வதைக் கண்ணால் தேடித்தேடிப் பிடித்து, அந்த நாற்பத்தொரு நாளுக்குள் நானே கற்றுக்கொண்டேன். இப்போது இதை எழுதுகிற எழுத்து அதுதான்.

அரிசி எவ்வளவு, யார் பானை தூக்குவது, யானைக்கு மணி கட்டிக்கொள்வதா பட்டாசு கொண்டுபோவதா என்று பேச்சு போகும். பக்கத்தில் சாகண் என்ற ஊரில் வண்டிக் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த ஒருவர் முதல் தடவை மாலை போட்டிருந்தார். கோயமுத்தூர்க்காரர், சாந்தமானவர். குழந்தை வேறு வருகிறதே, எருமேலியிலிருந்து வேன் பிடித்தால் அரைநாளில் பம்பை போய்விடலாமே என்று அவர் மெதுவாகச் சொல்லிப்பார்த்தார்.

குருசாமி கண்ணைத் திறந்தார். “அப்படிப் பார்த்தா வீட்லயே படத்துக்குச் சூடம் காட்டிட்டுப் படுத்துக்கலாம் சாமி. வேன் செலவும் மிச்சம்.”

கரிமலை ஏற்றத்தில் பிள்ளையை நான் தோளில் தூக்கிக்கொள்கிறேன் என்றார் அப்பா. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அதற்காகவே பயிற்சி எடுத்தேன். மாலை போட்டால் செருப்புக் கூடாது. எங்கள் சந்து முழுக்க லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருள்கள் கிடக்கும். மார்கழிக் குளிரில் வெறுங்காலோடு அதன் மேல் நடந்து பள்ளிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஊருக்கு வெளியே இருந்த டேக்டியில் ஏறி இறங்கினேன். குன்றை எங்களூரில் டேக்டி என்போம். ஒருநாள் குதிகாலில் இரும்பு ஏறி நடக்கமுடியவில்லை. அம்மா பிளேடு முனையால் அதை எடுத்தாள். கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். “சாமிக்கு வலிக்குதா?” என்றாள். வலிக்கவில்லை என்றேன். பாதத்தை மடியிலிருந்து இறக்காமல் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சின்னக் கால் என்று நினைத்திருப்பாள்போல.

திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி காட்டுக்கு முன்னாலேயே இருந்தது. மதுரைவரை ரயில், அங்கிருந்து பஸ்ஸில் கம்பம். கம்பத்தில் அம்மாவின் பிறந்த வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் குமுளி ஏறி எருமேலி போவது. அம்மாவின் அப்பா, என் தாத்தா, ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துக் காலம் கழித்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்ததுதான். மாதத்துக்கு ஒருமுறை மளிகைக்கடை போனில் பேசுவார். எங்கள் சாமிகள் எல்லோருக்கும் அவர் வீட்டில்தான் சாப்பாடு என்றும், எருமேலிவரை தானும் கூட வருவதாகவும் சொல்லியிருந்தார். என் உயரம் என்ன என்று ஒருமுறை அம்மாவிடம் கேட்டாராம். ஊன்றி ஏற எனக்கு ஒரு மூங்கில் தடி வெட்டவேண்டுமாம். நான் அவருக்குச் செய்தித்தாளை வாசித்துக்காட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். இங்கிலீஷ் செய்தித்தாள்.

மாலை போட்ட வீட்டுக்குச் சட்டங்கள் உண்டு. மாதத்தில் அம்மா தள்ளி இருக்கவேண்டிய நாட்களில் அவள் பக்கத்து அறை மாவ்ஷி வீட்டுக்குத் தம்பியோடு போய்விடுவாள். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி; சாங்லிப் பக்கத்துக்காரி, கணவர் இறந்தபின் தனியாக இருந்தாள். அந்த நாட்களில் அப்பாவே சமைப்பார், நாங்கள் அதைச் சாப்பிடுவோம், அதுவும் விரதத்தில் சேர்த்தி.

இன்னொரு சட்டம் இதைவிடக் கடுமையானது. வீட்டில் துக்கம் நேர்ந்தால் மாலையைக் கழற்றிவிட வேண்டும்; அந்த வருஷம் மலை கிடையாது. வீட்டில் யாருடைய வழியில் துக்கம் என்றாலும் இதேதான் என்பது குருசாமியின் கணக்கு. முந்தைய வருஷம் பெயின்ட் அடிக்கும் சாமி ஒருவருக்குச் சின்னம்மா இறந்த செய்தி வந்தது. கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது. குருசாமி எல்லார் முன்னாலும் அவர் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார். அந்தப் பெரிய உருவம் கொட்டகை மூலையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். செத்துப்போன சின்னம்மாவுக்காக அழுததாகத் தெரியவில்லை.

நாங்கள் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது, நான் பள்ளியில் இருந்த நேரத்தில், மளிகைக்கடைக்கு கம்பத்திலிருந்து போன் வந்தது. அம்மா துணிக்குச் சோப்புப் போட்ட கையோடு ஓடியிருக்கிறாள். கடையில் வெல்லம் வாங்க நின்றிருந்த மாவ்ஷிக்கு ஒரு வார்த்தைகூடத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டதாம். போனில் மறுமுனையில் பேசியது அம்மாவின் அண்ணன். தாத்தா அதிகாலையில் இறந்துவிட்டார்.

இது எனக்குப் பல வருஷம் கழித்து மாவ்ஷி சொல்லித்தான் தெரியும். அம்மா ஒருபோதும் என்னிடம் சொன்னதில்லை. போனில் அம்மா பேசியது மிகக் குறைவு என்றாள் மாவ்ஷி. வரமாட்டேன் என்றும், இனி இங்கே போன் செய்யவேண்டாம் என்றும், பட்டறைக்கு மட்டும் தகவல் போகவே கூடாது என்றும் சொல்லியிருக்கிறாள். மறுமுனையில் சத்தம் போட்டிருக்கிறார்கள். அம்மா போனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, கை நுரையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நேராக மாவ்ஷி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது எங்கள் அறை பூட்டிக் கிடந்தது. மாவ்ஷி வாசலில் நின்றாள். அம்மாவுக்குத் தள்ளி இருக்கவேண்டிய நாள் வந்துவிட்டது, சாவியை வாங்கிக்கொள் என்று மராத்தியில் சொன்னாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த மாதம் அது இரண்டாவது முறை. இத்தனை நாளுக்குள் இரண்டு முறை வருமா வராதா என்பது எனக்குத் தெரியாது; அப்பாவுக்கும் தெரியவில்லை. அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

அன்றிலிருந்து மாவ்ஷி வீட்டில் ரேடியோ ஓயாமல் பாடியது. மாவ்ஷி மற்ற நாட்களில் ரேடியோவைச் செய்திக்குமட்டும் திறப்பவள். பாட்டு வைத்தால் செல் தீர்ந்துவிடும் என்று கணக்குப் பார்ப்பவள். இப்போது காலையில் பஜனை, மத்தியானம் லாவணி, சாயங்காலம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி என்று சுவர் அதிர்ந்தது. நான் சரணம் படிக்கமுடியவில்லை. குறைக்கச் சொல்லிவிட்டு வா என்று அப்பா என்னை அனுப்பினார். மாவ்ஷி கதவைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு பாதி திறந்தாள். உள்ளே அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தம்பி அவள் முதுகின் மேல் சாய்ந்து, கையில் கிடைத்த கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

“ராஹூ தே பாளா,” என்றாள் மாவ்ஷி. இருக்கட்டும் குழந்தை என்று அர்த்தம். அதைக் கெஞ்சுவதுபோலச் சொன்னாள். அவள் என்னிடம் கெஞ்சுவது எனக்குப் புதிதாக இருந்தது. நான் திரும்பி வந்து, மாவ்ஷிக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. கடைசிக் கூட்டம். சார்ட் பேப்பரில் எல்லா மலையும் நிறைந்துவிட்டது. மதுரை ரயிலுக்கு எந்த நேரம் ஸ்டேஷனில் நிற்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முன்பதிவு செய்வது குருசாமிக்குப் பிடிக்காது, ஜெனரல் பெட்டியில் ஏறிக்கொள்வதுதான் வழக்கம். அதனால் எந்த ரயில் என்பது அன்றுவரைக்கும் கைக்குள் இருந்தது. கொட்டகை கேட்டுக்கு வெளியே, ரோட்டில், அம்மா வந்து நின்றாள். முக்காடு போட்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் முக்காடு போடுவதில்லை. மாவ்ஷியைப்போலச் சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துவிட்டிருந்தாள்.

அப்பா எழுந்து கேட் பக்கம் போனார், இடைவெளி விட்டு நின்றார்.

“கம்பம் வழியாப் போகவேண்டாம்,” என்றாள் அம்மா.

“ஏன்?”

“எங்க அண்ணன் போன் பண்ணுச்சு. உங்களப் பத்திப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிருச்சு. அந்த வாசல்ல நீங்க மிதிக்கக்கூடாது.”

“என்ன பேசுனான்?”

“இப்பச் சொன்னா மாலையோட இருக்க மனசு கெட்டுப்போகும். போயிட்டு வாங்க, சொல்றேன். அங்கிட்டுப் போகவே வேண்டாம். நேரா கோட்டயம் ரயில்ல போங்க.”

கோட்டயம் வழியாக ஒரு ரயில் இருக்கிறது என்பது அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்தேன். அவளுக்காகக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்தவள் மாவ்ஷி. அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. பெண் கொடுத்த வீட்டில் தனக்கு மரியாதை இல்லை என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் உண்டு. படிக்காதவன், பட்டறையில் எடுபிடி வேலை செய்கிறவன் என்று பெண் பார்க்க வந்த அன்றே யாரோ சொன்னார்களாம். அம்மா அந்த இடத்தைத் தெரிந்துதான் தொட்டாள். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மாமனார் என்ன சொன்னார் என்றாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அம்மாவால் என்ன சொல்லியிருக்கமுடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

குருசாமிக்குக் கோட்டயம் வழி ஒத்துக்கொண்டது. “மாமனார் வீட்ல போய் நெய்யும் பாலுமாத் தின்னுட்டுக் காட்டுல எப்படிச் சாமி நடப்பீங்க? தங்கச்சி சொல்றதுதான் சரி,” என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. என் சார்ட் பேப்பரில் கம்பத்தை நான் சிவப்பு வட்டம் போட்டு எழுதியிருந்தேன். ஓடிப்போய் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் தாத்தாவைப் பார்க்கப்போகிறது ஒனக்குப் பிடிக்கலை, அதுதானே என்று கத்தினேன்.

அம்மா இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றாள். நான் தொட்டுவிடக்கூடாதே என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. “ஆமா சாமி,” என்றாள். பிறகு, “நீங்க கோவப்படக்கூடாது. மாலை போட்டிருக்கீங்க,” என்று சொல்லிவிட்டு, லாரிகள் போகும் ரோட்டின் ஓரமாகவே நடந்து போனாள்.

நாங்கள் பெருவழியில் போனோம், வந்தோம். கரிமலையை என் காலால் ஏறினேன், யாரும் என்னைத் தூக்கவில்லை. அதைப் பற்றிப் பெருமையாக எழுத என்னிடம் நிறைய இருக்கிறது. ஆனால் ஒருமுறைகூட அதை முழுதாகச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வந்ததில்லை.

மாலை கழற்றிய அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். மாவ்ஷி என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள், ரேடியோவை வைத்தாள். இந்தமுறை அது போதவில்லை. சுவரைத் தாண்டி அம்மாவின் குரல் கேட்டது. அது அழுகை என்று தெரிந்துகொள்ளவே எனக்கு நேரமாயிற்று.

அடுத்த மழைக்காலத்தில் தம்பி போய்விட்டான். எடை ஏறவே இல்லை.

அவனைக் கொண்டுபோய்விட்டு வந்த பிறகு சாமிகள், இப்போது சாதாரண ஆட்களாகச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். குருசாமிக்கு அதற்குள் யார் மூலமோ விஷயம் தெரிந்திருந்தது. தீட்டோடு மலை ஏறினால் வேறு என்ன நடக்கும் என்று, யாரையும் குறிப்பிடாமல், தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தம்பிக்காக ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தவர். அந்த நாற்பத்தொரு நாளும் சட்டப்படி நடந்தால் உலகம் சட்டப்படி நடக்கும் என்று நம்பியவர், அவ்வளவுதான். அம்மா அடுப்படியில் இருந்தாள், கேட்டிருப்பாள். அப்பா மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பின் வந்த வருஷங்களிலும் அவர் அதை மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

கம்பத்திலிருந்தும் யாரும் வரவில்லை. பெற்ற தகப்பனின் முகத்தைப் பார்க்க வராத மகளுக்கு நாங்கள் ஏன் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் பேசிவிட்டான், அந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று அம்மா இட்டுக்கட்டியது அப்படியே உண்மையாகிவிட்டது. அவள் அந்த வீட்டுக்குப் பிறகு போகவே இல்லை. நான் கல்லூரி முடித்து, மகர்பட்டாவில் கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் லீவில் கம்பத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோதும், எதுக்கு, யாரு இருக்கா அங்க என்றாள்.

கிளம்பிய நாளைப் பற்றித்தான் எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. கொட்டகையில் விளக்கு வைத்து இருமுடி கட்டினார்கள். லேத்துகளுக்குத் துணி போர்த்தியிருந்தது. வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் சாமியின் முடியில் கைப்பிடி அரிசி போடவேண்டும். மற்றவர்களுக்கு மனைவி, தாய், அக்காள், தங்கை என்று வரிசையாக நின்றார்கள். என் முறை வந்தபோது யாரும் இல்லை. அம்மா கேட்டுக்கு வெளியே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்; தள்ளி இருக்கும் நாள் இன்னும் முடியவில்லை என்று சொல்லியிருந்தாள், உள்ளே வரக்கூடாது.

“மாளிகைப்புறத்துக்கு யாரு சாமி அரிசி போடுறது?” என்று குருசாமி சுற்றிப்பார்த்தார். சின்னப் பெண்ணாக மலைக்குப் போகிறவளை அப்படித்தான் சொல்லவேண்டும்.

மாவ்ஷி முன்னால் வந்தாள். குளித்து, ஈரத்தலையோடு, நல்ல சேலை கட்டியிருந்தாள். கணவன் இல்லாதவள் போடலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். குருசாமி ஒருகணம் யோசித்து, போடட்டும் என்றார். மாவ்ஷிக்கு என்ன சொல்லவேண்டும் என்று தெரியவில்லை; சரணம் என்ற சொல் அவள் வாயில் வேறு மாதிரி வந்தது. மூன்று முறை அள்ளிப்போட்டாள். மூன்று முறையும் கேட் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். அவள் கையில் அரிசி நிற்காமல் சிந்தியது. நான் தலையைக் குனிந்து சிந்தியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே பார்க்கவில்லை.

முடியைத் தலையில் ஏற்றியதும் புறப்பட்டோம். லோக்கலில் புனே ஸ்டேஷன், அங்கிருந்து கோட்டயம். தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். இருமுடி ஏந்தியவர்களை வயது பார்க்காமல் விழுந்து கும்பிடுவது வழக்கம். பெயின்ட் அடிக்கிறவரும் விழுந்தார், மளிகைக்கடைக்காரரும் விழுந்தார். யார் விழுந்தாலும் அசையாமல் நின்று சாமி சரணம் என்று சொல்லவேண்டும் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். என் வயதுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். முதுகை நேராக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் முடியைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் சொன்னேன்.

பழைய மும்பை ரோட்டின் ஓரத்தில் அம்மா நின்றாள். தம்பியை மாவ்ஷியிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகி, தார் ரோட்டில் மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தாள். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அத்தனை நாளும் ஒதுங்கியிருந்தவள் கடைசியில் வந்து விழுந்துவிட்டாளே. கால் இரண்டையும் சேர்த்து வாகாக நின்று, சாமி சரணம் என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று, அப்போதும் எழுந்திருக்கவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது. தலை என் பக்கமாகவும் இல்லை. நானும் அப்பாவும் இந்தப் பக்கம் நிற்க, அவள் ரயில் பாதை தெற்கே, கம்பம் இருக்கும் திசைக்குப் போகும் பக்கம் பார்த்து விழுந்திருந்தாள். அவசரத்தில் திசை தவறிவிட்டாள் என்று நினைத்தேன். இன்னும் ஒருமுறை சாமி சரணம் என்று, அவளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.